ரைஃபிள் பித்தளை உறைகளைப் பொறுக்குவதும் கழித்துக்கட்டுவதும்

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள் இருக்கின்றன: குண்டு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் ப்ரைமர், இம்மூன்றையும் தாங்கி நிற்கும் பித்தளை உறை. சுட்டு முடிந்ததும் குண்டும் மருந்தும் போய்விடுகின்றன. செத்த ப்ரைமர் அடியில் ஒட்டிக்கொண்டிருக்க, உறை மட்டும் தரையில் விழுகிறது. அமெரிக்காவில் ரீலோடிங், அதாவது சுட்ட உறையில் மீண்டும் தோட்டா நிரப்பும் வேலை, செய்பவர்கள் இந்த உறையைத்தான் தேடிப் பொறுக்குகிறார்கள், ஏனென்றால் தோட்டாவில் மறுபடியும் பயன்படுவது அது ஒன்றே. அங்கே சொந்த உபயோகத்துக்காகத் தோட்டா நிரப்பிக்கொள்ளக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பதற்காக நிரப்பினால் உற்பத்தியாளர் உரிமம் கட்டாயம். மருந்தின் அளவைப் பற்றி இந்தப் பதிவில் ஒரு சொல்லும் இராது. அதற்கு அச்சிட்ட கையேட்டை மட்டுமே நம்ப வேண்டும். 223 ரெமிங்டன், 308 வின்செஸ்டர் ஆகிய இரண்டு அளவுகளை மனத்தில் வைத்து, பொறுக்கிய உறையை நிரப்புவதற்குத் தகுதியாக்கும் வரையிலான வேலையை மட்டும் எழுதுகிறேன்.

எங்கே பொறுக்கலாம்

சுடுதளத்தில் கேட்காமல் குனியக் கூடாது. பல தளங்களில் வாளியில் போட்ட பித்தளை தளத்துக்கே சொந்தம். சிலவற்றில் நாம் சுட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சுடும் கோட்டுக்கு முன்னால் விழுந்து கிடப்பவற்றை, எல்லாரும் சுடுவதை நிறுத்தித் துப்பாக்கிகளைக் காலியாக்கி வைத்த பிறகே எடுக்க வேண்டும். இராணுவத் தளங்களில் கிடப்பது அரசின் சொத்து, அதைத் தொடவே கூடாது. அந்தப் பித்தளை உபரிப் பொருளாக விற்பனைக்கு வந்துதான் வெளியே கிடைக்கிறது. 2009 மார்ச்சில் பாதுகாப்புத் துறை அதை நசுக்கித்தான் விற்க வேண்டும் என்று உத்தரவிட்டு, மொன்டானாவின் இரு செனட்டர்கள் தலையிட்ட பிறகு சில நாட்களிலேயே பின்வாங்கியது.

கூட்டாட்சியின் பொது நிலங்களில் கறுத்துப்போன பழைய உறைகள் கண்ணில் பட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொல்பொருள்களை அங்கிருந்து எடுப்பதை 1979ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 1983இல் புல் எரிந்த பிறகு லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் நடந்த அகழாய்வில், உறைகளின் அடியில் துப்பாக்கியின் சுடுமுள் (ப்ரைமரைக் குத்தும் முள்) பதித்த தடங்களை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். யாராவது முன்பே பொறுக்கிச் சென்றிருந்தால் அது நடந்திருக்காது.

சுடப்படாத தோட்டாவோ, ப்ரைமரில் தடம் விழுந்தும் வெடிக்காத தோட்டாவோ கிடந்தால் பைக்குள் போடாமல் தள அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள். கைத்துப்பாக்கி உறைகளை அள்ள, மரத்தடியில் பீக்கன் கொட்டைகளைப் பொறுக்கும் கம்பி உருளை அருமையான கருவி. ரைஃபிள் உறைகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கழுத்துப் பகுதி கம்பிகளுக்கிடையே சிக்கிக்கொள்கிறது, கையே வேகமானது.

பிரித்தல்

முதலில் காந்தம். பித்தளை நிறம் பூசிய இரும்பு உறைகள் பார்வைக்கு ஏமாற்றும், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து உறையின் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். அடியில் நடுவே ஒரே துளை இருந்தால் அது பாக்ஸர் வகை. ஓரமாக இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டான் வகை. பெர்டானில் செத்த ப்ரைமரைத் தள்ளும் முள்ளுக்கு வழியில்லை, அழுத்தினால் முள்தான் உடையும். பெர்டான் ஓர் அமெரிக்கர், பாக்ஸர் ஓர் ஆங்கிலேயர்; ஆனால் அமெரிக்காவில் நிலைத்தது பாக்ஸரின் முறை.

பிறகு அளவு வாரியாகப் பிரியுங்கள். 300 பிளாக்கவுட் உறையின் அடிப்பாகம் 223க்கு உரியதேதான்; நீளம் மட்டும் 1.368 அங்குலம். வாளியில் கலந்து கிடக்கும்போது கை அதை அடையாளம் காணாது, கண்தான் காண வேண்டும்.

கடைசியாக அடியில் பொறித்த எழுத்துகள். எல்.சி. என்றால் மிசௌரி மாநிலம் இண்டிபென்டன்ஸில் 1941இல் தொடங்கிய லேக் சிட்டி ஆலை; பக்கத்தில் இருக்கும் இரண்டு இலக்கங்கள் ஆண்டு; வட்டத்துக்குள் சிலுவைக்குறி இருந்தால் நேட்டோ தரம். எழுத்து வாரியாகப் பிரிப்பது வெட்டி வேலை என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அது எதற்கு என்பது ப்ரைமர் குழியைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

கழித்தல்

வாய் சற்று நசுங்கியிருப்பது குற்றமில்லை. தானியங்கி ரைஃபிள்கள் அப்படித்தான் துப்பும். கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை இருந்தால் அது ஆலையில் சூடுபடுத்திப் பதப்படுத்தியதன் அடையாளம், அதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். எறிய வேண்டியவை வேறு: கழுத்தில் நெடுக்குக் கீறல், ப்ரைமரைச் சுற்றிக் கரி கசிந்த தடம், அடியிலிருந்து சற்று மேலே உறையைச் சுற்றி ஓடும் பளபளப்பான வளையம். அந்த வளையம் சந்தேகமாக இருந்தால், ஒரு காகிதக் கவ்வியை நிமிர்த்தி, நுனியை மட்டும் சிறிதாக மடக்கி, உறைக்குள் விட்டு அடியிலிருந்து சுவரோடு உரசி மேலே இழுங்கள். நல்ல உறையில் நுனி வழுக்கி வரும். சுவர் மெலிந்திருந்தால் ஒரு பள்ளத்தில் விழுந்து தடுக்குவது விரலுக்குத் தெரியும். அடுத்த வெடிப்பில் உறை இரண்டாகப் பிரியப்போகும் இடம் அதுதான்.

கழுவுதல்

அம்மோனியா கலந்த பாலிஷ் எதுவும் பித்தளை உறையைத் தொடக் கூடாது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, செம்பு 70, துத்தநாகம் 30 என்ற விகிதத்தில் அமைந்த பித்தளையை, அதனுள் உறைந்திருந்த இழுவிசையோடு சேர்ந்து பிளந்தது என்பது 1921இல்தான் தெளிவானது.

அமிலம் வேறு கதை. புளி போட்டுக் குத்துவிளக்கு துலக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துருப்பிடிக்காத எஃகு ஊசிகளோடு சுழலும் பீப்பாயில் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் போட்டால் போதும். வால்நட் ஓட்டுத் தூளில் உலர்வாக அதிர வைக்கும் முறையும் உண்டு. எனக்கு ஈர முறையே பிடிக்கும். பளபளப்புக்காக அல்ல, தூசி எழாது என்பதற்காக. ப்ரைமர் கரியில் ஈயம் இருக்கிறது. அதனால் இந்த வேலை சமையலறையில் நடக்கக் கூடாது, குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும்.

ப்ரைமரைத் தள்ளுதல், அளவுக்குக் கொண்டுவருதல்

இராணுவ உறைகளில் ப்ரைமர் இறுக்கமாக இருக்கும். அதற்கென்று தனியாக, ப்ரைமரை முள்ளால் தள்ளும் அச்சான லீ நிறுவனத்தின் யூனிவர்சல் டை ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. சுட்டதில் விரிந்த உறையை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அளவு டைக்குள் விடும் முன் உறையின் உடலில் எண்ணெய்ப்பூச்சு வேண்டும். இல்லையென்றால் உறை டைக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்த லானோலினை (ஆட்டு ரோமக் கொழுப்பு) மிஞ்ச எதுவுமில்லை என்பது என் கருத்து. கழுத்துக்குக் கீழே உறை அகலும் தோள்பட்டைப் பகுதியில் அது தேங்கினால் பித்தளையில் குழி விழும்.

ப்ரைமர் குழியின் விளிம்பு

புதியவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். தானியங்கிச் சுடுதலில் ப்ரைமர் பின்னுக்கு நழுவாமலிருக்க, இராணுவ ஆலைகள் குழியின் விளிம்பை உள்நோக்கி நெரித்துவிடுகின்றன. பழைய ப்ரைமர் வெளியே வந்த பிறகும் அந்த நெரிப்பு விளிம்பில் நிற்கும். புது ப்ரைமரை வைத்து அழுத்தினால் அது சரிந்து நசுங்கும். கையில் இருப்பது வெடிக்கும் பொருள், ஆகவே தடை தெரிந்த அந்தக் கணமே அழுத்துவதை நிறுத்த வேண்டும்.

நெரிப்பை நீக்க இரண்டு வழிகள்: விளிம்பைச் சீவி எடுப்பது, அல்லது கெட்டியான எஃகு முளையால் உலோகத்தைத் திரும்ப ஒதுக்குவது. சீவும் கருவி மலிவு. ஆனால் ஆழமாகச் சீவிவிட்டால் குழி தளர்ந்து ப்ரைமர் கழன்று விழும். நான் ஒதுக்கும் கட்சி, டில்லன் சூப்பர் ஸ்வேஜ் 600தான் என் தேர்வு. அதில் ஒரு தாங்குகம்பி உறையின் வாய் வழியாக நுழைந்து உள்ளே அடித்தளத்தில் முட்டி நிற்க, அடிப்பக்கமிருந்து முளை குழிக்குள் நுழைகிறது. அடித்தளத்தின் தடிமன் ஆலைக்கு ஆலை வேறுபடும். எல்.சி. உறைக்குச் சரிசெய்து வைத்த கம்பியில் அடித்தளம் மெலிந்த இன்னோர் ஆலையின் உறையை மாட்டினால், முளை வேண்டிய ஆழத்துக்குப் போகாமல் நெரிப்பு அப்படியே நிற்கும். தடித்ததை மாட்டினால் விளிம்பு அளவுக்கு மேல் விரியும். எழுத்து வாரியாகப் பிரிக்கச் சொன்னது இதற்காகத்தான். சரியாக ஒதுக்கப்பட்ட குழியின் வாயில் கூர்மை மறைந்து லேசான வளைவு தெரியும், நெம்புகோலில் ஒரே சீரான அழுத்தம் கிடைக்கும்.

நீளம்

அளவு டையிலிருந்து வெளிவரும் உறை சற்று நீண்டிருக்கும். 223க்கு உச்சவரம்பு 1.760 அங்குலம், வெட்ட வேண்டிய அளவு 1.750. 308க்கு முறையே 2.015, 2.005. வெட்டியபின் வாயின் உள்ளும் புறமும் பிசிறை நீக்கி, உறையை அளவுமானியில் (உறை பொருந்துகிறதா என்று காட்டும், விளிம்பில் படிகள் வெட்டிய குழல்) போட்டுப் பாருங்கள். அடி விளிம்பு இரு படிகளுக்கும் இடையில் நின்றால் சரி. 308இல் இராணுவ உறைகளின் சுவர் பொதுவாகத் தடிப்பு என்பதால் உள்ளே இடம் குறைவு. வேறு உறைக்கான மருந்தளவை அதற்கு அப்படியே எடுத்துப் போடக் கூடாது.

பின்சேர்க்கை

ஈர முறையில் எஃகு ஊசிகள் 223இன் கழுத்துக்குள் இரட்டையாக மாட்டிக்கொள்கின்றன என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். சற்றுத் தடித்த ஊசிகளையோ, ஊசியே இல்லாமல் சோப்பையும் அமிலத்தையும் மட்டுமோ பயன்படுத்திப் பாருங்கள். எப்படியானாலும் ஒவ்வோர் உறையையும் கவிழ்த்துத் தட்டி, வெளிச்சத்தில் உள்ளே பார்த்துவிட்டுத்தான் உலர்த்த வேண்டும்.

கழித்த உறைகளை என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பழைய உலோகக் கடைக்குப் போகும் முன் ஒவ்வொன்றின் வாயையும் குறடால் நசுக்கிவிடுங்கள். இல்லையென்றால் வளையம் விழுந்த அதே உறை வேறொருவர் வாளிக்குப் போய்ச் சேரும்.