விறைப்பு வந்த திகதியைக் குறித்து வையுங்கள்

நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற உறை சிதைவதால் வரும் நரம்பு நோய்களில், எந்தக் குறை எந்தத் திகதியில் தொடங்கி எத்தனை நாள் நின்றது என்பதையே வைத்தியர் முதலில் கேட்பார். அந்த விபரத்தை எந்த இயந்திரமும் எடுத்துத் தராது. வீட்டில் இருப்பவர்கள்தான் எழுதி வைக்க வேண்டும். களுவாஞ்சிகுடியில் இருக்கும் என் சித்திக்கு ஒரு கண் மங்கி, அதை அசைக்கும்போதெல்லாம் நொந்து, சில வாரங்களில் தானாகவே தெளிந்தது. எட்டு மாதம் கழித்து இரண்டு கால்களும் விறைத்தபோது பழைய கண் வருத்தத்தை நாங்கள் சொல்லவில்லை. எவரும் கேட்கவும் இல்லை. இரண்டும் ஒரே நோய் என்று தெரியவர மேலும் ஒரு வருடம் சென்றது. அந்த ஒரு வருடத்தை இன்னொரு குடும்பம் இழக்கக் கூடாது.

நரம்பிழையைச் சுற்றிப் பல அடுக்குகளாகச் சுருண்டிருக்கும், கொழுப்பும் புரதமும் கலந்த படலமே மயலின். இடையிடையே உறையில்லாத சிறு இடைவெளிகள் உண்டு. அவை ரான்வியர் கணுக்கள் எனப்படும். மின் சைகை கணுவுக்குக் கணு தாவிச் செல்வதால், தடித்த உறையுள்ள நரம்பில் அது வினாடிக்கு 100 மீற்றர் வரை ஓடும். உறையற்ற மெல்லிய நரம்பில் வினாடிக்கு 1 அல்லது 2 மீற்றரைத்தான் கடக்கும். உறை உரிந்த இடத்தில் சைகை தாமதிக்கும் அல்லது நின்றுவிடும். அது பார்வை நரம்பில் நேர்ந்தால் கண் மங்கும், முண்ணாணில் நேர்ந்தால் கால் விறைக்கும் அல்லது சலம் அடங்காது, சிறுமூளையில் நேர்ந்தால் நடை தள்ளாடும். உடல் அந்த உறையை ஓரளவு திருத்திக்கொள்வதால் குறை மறைந்தும் போகும். சுகம் வந்துவிட்டது என்று நாங்கள் நம்பியதும் அதனால்தான்; உறை மீண்டும் மீண்டும் சிதைந்தால் உள்ளே இருக்கும் இழையும் அழியும், அது திரும்பி வளராது.

ஆகவே கிளினிக் கொப்பியோடு இன்னொரு கொப்பியையும் வைத்துக்கொள்ளுங்கள். ‘கால் மரத்தது’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘வலது கால் பெருவிரலில் தொடங்கி மூன்றாம் நாள் தொப்புள் வரை ஏறியது, செருப்புக் கழன்றதும் தெரியவில்லை’ என்று எழுதினால், முண்ணாணில் எங்கே தேடுவது என்பது வைத்தியருக்கு விளங்கும். ஒரு கண்ணை மாறி மாறி மூடிக்கொண்டு முற்றத்துச் செவ்வரத்தம்பூவைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்ட கண்ணுக்கு அதன் சிவப்பு வெளிறித் தெரியலாம். தலை குனிந்து அரிசி களையும்போது முதுகுவழியே மின்சாரம் பாய்ந்தாற்போல இருந்தால் அதையும் எழுதுங்கள், ஏனெனில் அது கழுத்துப் பகுதி முண்ணாணில் ஏற்பட்ட பாதிப்பின் அடையாளமாக இருக்கலாம். புதிய குறை காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் 24 மணித்தியாலத்துக்கு மேல் நிலைத்து, முந்தியது தொடங்கி 30 நாளாவது கடந்திருந்தால், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் முண்ணாணிலும் உள்ள மயலினைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் அதைத் தனித் தாக்கமாகக் கணக்கிடுவார்கள். இதனால்தான் திகதி இத்தனை முக்கியம்.

எங்கள் பக்கத்து வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மயலின் குறைந்த நரம்பு, உடல்வெப்பம் அரைப் பாகை ஏறினாலே தடுமாறும். உடல் உழைப்பின்போது பார்வை மங்குவதை 1890இல் ஊத்தோப் என்ற ஜேர்மன் கண் வைத்தியர் விவரித்தார். நண்பகலில் வயலில் நின்றபின் பழைய குறை தலைகாட்டி, குளித்து நிழலில் இருந்ததும் நீங்கினால், அது பெரும்பாலும் புதிய தாக்கம் அல்ல. நேரத்தையும், எப்போது நீங்கியது என்பதையும் குறித்துவிட்டு, வெளிவேலைகளைக் காலையிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

விறைப்பெல்லாம் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று அஞ்சவும் வேண்டாம். விற்றமின் பி12 குறைந்தாலும் முண்ணாணின் மயலின் கெடும். மச்சம், முட்டை, பால் எதுவும் எடுக்காதவர்களும், சீனி வருத்தத்துக்கு நெடுங்காலம் மெற்போமின் குளிசை எடுப்பவர்களும் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். பி12 பாராமல் போலிக் அமிலத்தை மட்டும் விழுங்கினால் இரத்தசோகை மறையும், நரம்புச் சேதமோ தொடரும். தொழுநோய்க் கிருமியும் கைகால் நரம்புகளுக்கு மயலின் செய்யும் ஷ்வான் கலங்களுக்குள்ளேயே குடியேறும். மட்டக்களப்பு வாவியில் உள்ள மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை இருந்ததால், அந்தப் பெயரைச் சொல்லவே எங்களுக்குள் ஒரு கூச்சம். உணர்ச்சியற்ற தேமலைக் கூச்சத்தால் மறைக்காதீர்கள். மருந்து இலவசம், நேரத்தோடு தொடங்கினால் கைகால்கள் காக்கப்படும். கண்ணையும் முண்ணாணையும் கடுமையாகத் தாக்கும் நியூரோமயலைற்றிஸ் ஒப்டிகா என்பது வேறு நோய். அதற்குரிய எதிர்ப்புடல் 2004இல் கண்டறியப்பட்டது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குத் தரும் சில மருந்துகள் இந்நோயை மோசமாக்கும் என்பதால், நீண்டகால மருந்து தொடங்குமுன் அந்த எதிர்ப்புடலுக்கான இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று மரியாதையோடு கேளுங்கள்.

கொப்பி எழுத நேரமில்லாத நிலையும் உண்டு. வயிற்றோட்டமோ காய்ச்சலோ வந்து ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் இரு கால்களும் பலமிழந்து, அந்தத் தளர்ச்சி மேல்நோக்கி ஏறினால், அது கைகால் நரம்புகளை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் கியான்-பாரே நோயாக இருக்கலாம்; மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும் ஆபத்து அதில் உண்டு. எண்ணெய் போட்டு நீவிக்கொண்டு விடியும்வரை காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் உள்ளூர்களில் இருப்பவர்கள் இதை இன்னும் முந்திச் செய்ய வேண்டும். நிமிடங்களுக்குள் ஒருபக்கம் விழுந்தால் பாரிசவாதம் என்று கருதி அதே வேகத்தில் செல்லுங்கள். திடீரென ஒரு கண் மங்கினாலோ சலம் போகாமல் நின்றாலோ அன்றைக்கே காட்ட வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினால் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். அறிக்கைத் தாளோடு, படங்கள் உள்ள சீடியையும் கேட்டு வாங்கி, திகதி எழுதி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். அடுத்த முறை எடுக்கும் படத்தை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எந்த வடு பழையது, எது புதியது என்று சொல்ல முடியும்.