முகாமில் விட்டுவந்த துணைவர் லெவல் ஏறுவாரா?

குழுவாக ஆடும் கற்பனையுலக ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும்) கணினி விளையாட்டுகளில், பாதி ஆட்டத்தைக் கடந்தபின் பழைய துணைவர் ஒருவரை மீண்டும் அழைக்க நேர்ந்து, அவர் விட்ட இடத்திலேயே மூன்றாம் லெவலில் நிற்பதைக் கண்டால், அவரைத் தேற்றி எடுப்பது பெரும்பாடு. இதைத் தவிர்க்க, லெவலை உயர்த்தும் அனுபவப் புள்ளிகள் துணைவர்களுக்கு எந்தக் கணக்கில் சேர்கின்றன என்பதை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே சோதித்துவிட வேண்டும். ஒரு துணைவரின் விவரத் திரையில் உள்ள புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, தனியாக ஒரு சேவ் செய்து, அவரை முகாமில் விட்டுவிட்டு ஒரு சிறு சண்டையை முடியுங்கள். திரும்பி வந்து அவரைச் சேர்த்துப் பார்த்தால், புள்ளிகள் அப்படியே இருக்கின்றனவா, உங்களுடையதற்கு இணையாக ஏறியிருக்கின்றனவா, அல்லது ஒரு பங்கு மட்டும் ஏறியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது, புள்ளிகள் அப்படியே நிற்கும் முதல் வகைக்குத்தான். 1998இல் வெளிவந்த பால்டர்ஸ் கேட் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. தேயிலைக் கொழுந்து எடைபோடும் இடத்தில் அன்று பறித்தவர் பெயரில் மட்டுமே எடை ஏறுவதைப் போல, இங்கே குழுவில் உடனிருப்பவருக்கு மட்டுமே புள்ளிகள் சேரும். சண்டையில் கிடைப்பது குழுவினரிடையே சமமாகப் பிரியும் என்பதால், 270 புள்ளிகள் தரும் ஓகர் என்னும் அரக்கன் ஒன்றை வீழ்த்தினால் ஆறு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கு 45 கிடைக்கும். மூன்றே பேர் என்றால் ஆளுக்கு 90. ஆனால் மூல ஆட்டத்தில் ஒருவருக்கு 89,000 புள்ளிகள் என்ற உச்சவரம்பு இருந்ததால், சிறிய குழு சீக்கிரமே அதைத் தொட்டுவிடும். அதன் பிறகு வெல்லும் சண்டைகளால் லெவலுக்குப் பயனில்லை. ஆகவே முதன்முறை ஆடுபவர் ஆறு பேரையும் நிரப்பிக்கொள்வதே நல்லது என்பேன்.

புதிதாகச் சந்திக்கும் துணைவரின் லெவல், முதல் சந்திப்பின்போது நாயகர் எந்த லெவலில் இருக்கிறாரோ அதையொட்டி நிர்ணயமாகிறது. அதன் பிறகு அவரை வெளியே நிறுத்திவைத்தால் அவர் வளரமாட்டார். தாமதமாகச் சந்தித்தால் உயர்ந்த லெவலில் கிடைப்பார் என்றாலும், திருடர் வகுப்பினருக்குரிய (வகுப்பு என்பது பாத்திரத்தின் தொழில்வகை) பூட்டுத் திறத்தல், பொறி கண்டறிதல் போன்ற திறன்களுக்கான புள்ளிகள் ஏற்கெனவே பகிரப்பட்டிருக்கும். உங்கள் விருப்பத்துக்கு மாற்ற இயலாது. எனவே திருடரை விரைவில் சேர்த்துக்கொள்ளுங்கள், போர்வீரருக்குக் காத்திருந்தாலும் நட்டமில்லை. தொடக்கத்திலேயே வந்து சேரும் திருடரான இமோயனைக் கழற்றிவிடாமல் வைத்திருக்கப் பலரும் சொல்வதற்கு இதுவே காரணம்.

புள்ளிகள் சமமாக இருந்தாலும் லெவல்கள் சமமாக இருக்கமாட்டா. 2,500 புள்ளிகளில் திருடர் மூன்றாம் லெவலை எட்டிவிடுவார். போர்வீரர் இரண்டிலேயே இருப்பார். மந்திரவாதி அப்போதுதான் இரண்டுக்குள் நுழைவார். போர்வீரராகவும் ட்ரூயிடாகவும் (இயற்கை மந்திரம் அறிந்தவர்) இருக்கும் ஜஹீரா போன்றவருக்குப் புள்ளிகள் இரு வகுப்புகளுக்கும் பாதிப் பாதியாகப் பிரிவதால், அவர் பின்தங்கியவராகவே தோன்றுவார். அதைப் பிழையென்று எண்ணி அவரை நீக்கிவிடக் கூடாது.

லெவல் முதல் சந்திப்பிலேயே உறுதியாகிவிடுவதால், புதிய துணைவர் நிற்கும் பகுதிக்குள் நுழையும் முன்பே தனிப்பெயரில் ஒரு சேவ் வைத்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தால் எப்போது மின்சாரம் வரும் என்று சொல்ல முடியாத கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து வீடுகளில், தானாகப் பதிவாகும் சேவ் ஒன்றை மட்டும் நம்புவது அறிவுடைமையாகாது. ஒரே கணினியைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை வைத்து ஆடும் நண்பர்கள், யாருடைய பாத்திரம் முகாமில் தங்கும் என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுவதும் நல்லது. இந்த வகை ஆட்டத்தில் தங்குபவருக்கு உண்மையிலேயே இழப்பு உண்டு.

இரண்டாம் வகையில் அந்தத் தொல்லை இல்லை. 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3இல் புள்ளிகள் பங்கிடப்படுவதில்லை. உடன்வரும் நால்வரும் முகாமில் இருப்போரும் இணையாகவே 12ஆம் லெவல் வரை ஏறுகிறார்கள். 100 பொற்காசு கொடுத்தால் வகுப்பையே மாற்றியமைக்கலாம் என்பதால் தாமதமாகச் சேர்ப்பதாலும் கேடில்லை. (150 ஜிபி இடம் கேட்கும் இந்த விளையாட்டை மலையிலுள்ள இணைய வேகத்தில் இறக்குவதுதான் உண்மையான சோதனை.) 2009இல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸிலும் முகாமில் இருப்போர் வளர்வார்கள், ஆனால் புதிதாகச் சேர்பவர், உங்கள் லெவலையொட்டி உயர்த்தப்பட்டு, அதற்கான புள்ளிகள் தானாகப் பகிரப்பட்ட நிலையிலேயே வருவார். ஆகவே அங்கே விரைந்து சேர்ப்பதில் பயன் உண்டு.

மூன்றாம் வகைக்கு, வெளியே இருப்போருக்குப் பாதி மட்டும் தரும் ஃபைனல் ஃபேன்டஸி 7ஐச் சொல்லலாம். அவ்வப்போது ஆள் மாற்றினால் போதும். 2018இல் வந்த பாத்ஃபைண்டர்: கிங்மேக்கரில் இந்த முடிவு உங்கள் கையிலேயே இருக்கிறது: உடனிருக்கும் துணைவர்களுக்கு மட்டும் புள்ளிகள் என்னும் தேர்வு, கடினநிலை அமைப்புகளில் உள்ளது. கதையைக் கேட்பதற்காகத் துணைவர்களை மாற்றி மாற்றி அழைத்துச் செல்ல விரும்புபவர் அதை அணைத்து வைக்க வேண்டும்.

லெவல் தானாக ஏறினாலும் ஆயுதமும் கவசமும் தானாக ஏறா. டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 போல ஆயுதங்களுக்கும் லெவல் உள்ள ஆட்டங்களில், நெடுநாள் காத்திருந்தவரை அழைத்துச் செல்லும் முன் அவருடைய ஆயுதத்தின் லெவலையும் பார்த்து மாற்றிவிடுங்கள்.