இல்லீகல் பிட்ச்: அம்பயர்கள் சறுக்கும் இடங்கள்

ஃபாஸ்ட்பிட்ச் சாப்ட்பாலில் இல்லீகல் பிட்சை, அதாவது பிட்சர் (பந்து வீசுபவர்) விதியை மீறி வீசுவதை, பார்த்துவிடும் அம்பயர்கள்கூட அடுத்த சில நொடிகளில் தடுமாறிவிடுகிறார்கள். "டைம்!" என்று கத்தி ஆட்டத்தை நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பந்து இன்னும் உயிரோடு இருக்கிறது. இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி, முஷ்டியை மடக்கி, பேட்டருக்கும் அவருக்குப் பின்னால் இருக்கும் கேட்சருக்கும் கேட்கும்படி "இல்லீகல் பிட்ச்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பந்தில் நடக்கும் ஆட்டம் முடியும்வரை பொறுங்கள். அதே பந்தை பேட்டர் ஹோம் ரன் அடிக்கலாம். அவசரப்பட்டு நிறுத்தினால் தவறு செய்த அணிக்கே லாபம். பிட்சர் பந்தை வீசாமல் பாதியில் நின்றுவிட்டால்தான் உடனே டெட் பால், அதாவது ஆட்டம் அங்கேயே நிற்கும்.

அடுத்து, பிட்சரின் கால். லீப், குரோ ஹாப் இரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது. இரு கால்களும் காற்றில் இருப்பது லீப். இதை இப்போது பல விதிப்புத்தகங்கள் அனுமதிக்கின்றன. பிட்சர் நின்று வீசும் பிளேட்டை விட்டு வந்த கால் முன்னால் ஊன்றி, அங்கிருந்து மறுபடி உந்தினால் அது குரோ ஹாப். கால் தரையை விட்டதா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இறங்கிய கால் மண்ணில் வெறுமனே இழுபடுகிறதா, எடையைத் தாங்கித் தள்ளுகிறதா என்று பாருங்கள். பிளேட்டுக்கு முன்னால் பள்ளம் விழுந்திருந்தால் இன்னும் கவனம் தேவை: கால் தரை மட்டத்திலேயே போனாலும், அடியில் மண் இல்லாததால் தூக்கியதுபோல் தெரியும். பக்கவாட்டில் நிற்கும் பேஸ் அம்பயருக்கே இது தெளிவாகத் தெரியும். வீசும் முன் பிட்சரின் கைகள் சேர்வது, அவர் எடுத்துவைக்கும் காலடி பிளேட்டின் 24 அங்குல அகலத்துக்குள் விழுவது போன்றவற்றை, கேட்சருக்குப் பின்னால் நிற்கும் பிளேட் அம்பயர் பார்த்துக்கொள்ளலாம். கைகள் எத்தனை நொடி சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதிப்புத்தகத்துக்கு விதிப்புத்தகம் மாறும். போட்டிக்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

அதிகம் குளறுபடி ஆவது தண்டனையில்தான். அடிப்படைத் தண்டனை, பேட்டருக்குச் சாதகமாக ஒரு 'பால்' (தவறான வீச்சு) என்று கணக்கு. ஸ்ட்ரைக் மண்டலத்துக்குள் வந்திருந்தாலும் அது பால்தான். ஏற்கெனவே மூன்று பால் இருந்தால் பேட்டருக்கு முதல் பேஸ். ஏற்கெனவே பேஸ்களில் இருக்கும் ரன்னர்களுக்கும் ஒரு பேஸ் தருவது சில விதிப்புத்தகங்களில் உண்டு, சிலவற்றில் கிடையாது. பேட்டர் பந்தை அடித்து முதல் பேஸைப் பத்திரமாக அடைந்து, மற்ற எல்லா ரன்னர்களும் குறைந்தது ஒரு பேஸ் முன்னேறியிருந்தால் இல்லீகல் பிட்ச் ரத்து. மற்றபடி, ஆட்டத்தின் விளைவா தண்டனையா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அடிக்கும் அணியின் கோச்சுக்கு.

ஓர் உதாரணம்: ஒரு அவுட், இரண்டாம் பேஸில் ரன்னர். பேட்டர் தரையோடு அடித்து முதல் பேஸில் அவுட். ரன்னர் மூன்றாம் பேஸுக்குப் போய்விட்டார். இங்கே கோச்சிடம் கேட்டாக வேண்டும். ரன்னருக்கு பேஸ் தரும் விதி என்றால், அவர் யோசிக்காமல் தண்டனையைத்தான் எடுப்பார்: ரன்னர் மூன்றாம் பேஸிலேயே இருப்பார், பேட்டரும் தப்பிப்பார். பேஸ் தராத விதியில் ரன்னர் இரண்டாம் பேஸுக்குத் திரும்ப வேண்டும். அப்போது கோச் கொஞ்சம் கணக்குப் போடுவார். பேட்டர் சிங்கிள் அடித்து (முதல் பேஸைப் பத்திரமாக அடைந்து), இரண்டாம் பேஸ் ரன்னர் மூன்றாம் பேஸைக் கடந்து ஹோமில் அவுட் ஆனால் தேர்வு கிடையாது. ஒரு பேஸ் முன்னேறியதாகவே கணக்கு; அவுட் அவுட்தான். இதை மறக்கும் அம்பயர்கள் நிறைய.

முதல் இன்னிங்ஸில் கண்டும் காணாமல் விட்டுவிட்டு ஏழாவதில் இல்லீகல் பிட்ச் என்று அறிவிப்பதும் தவறே. அப்போது கோச் கோபப்பட்டால் அதில் நியாயம் உண்டு. விரலில் டேப் ஒட்டியிருப்பது போன்ற சின்ன விஷயங்களைப் பயிற்சி வீச்சின்போதே சொல்லித் திருத்தலாம். மறுபடி ஊன்றி உந்துவதற்கு முன்னெச்சரிக்கை என்று எதுவும் இல்லை.

கோச் வந்து கேட்டால், "வலது கால் பிளேட்டுக்கு முன்னால் ஊன்றி மறுபடி தள்ளியது" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். செய்து காட்ட வேண்டாம்.