உதவித்தொகைக்கு மனு கொடுக்கும் முன்

சமூக நலத்துறையில் மனு கொடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பெயரைத்தான். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்து என்றால், மனு ஏற்கப்பட்ட பிறகும் பணம் கணக்கில் ஏறாமல் திரும்பிவிடலாம். நெடுநாள் வரவு செலவின்றி முடங்கிய கணக்கும் அப்படித்தான். ஒரு சான்று குறைகிறதென்று மனுவையே தள்ளிப்போடாதீர்கள்; பல திட்டங்களில் மனு பதிவான தேதியிலிருந்துதான் தொகை கணக்காகும். இருப்பதைக் கொடுத்து, தேதியும் பதிவு எண்ணும் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்குங்கள். மீதியைக் கெடுவுக்குள் சேர்க்கலாம்.

அடுப்பெரியாத நிலை என்றால் அவசர உதவி உண்டா என்று தனியாகக் கேளுங்கள், கேட்காமல் சொல்வது அபூர்வம். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மேல்முறையீட்டுக் கெடு பெரும்பாலும் அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்தே ஓடும். வருமானம் மாறினால் உடனே தெரிவியுங்கள். கூடுதலாக வந்ததைப் பின்னால் பிடித்துக்கொள்வார்கள்.