கொறங்காட்டுப் புல்லை ஹெர்பேரியத் தாளில் பதிவு செய்யும் முறை

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்தில் கொறங்காடுகள் எனப்படும் மேய்ச்சல் நிலங்களில், கிளுவை வேலிக்குள் மாடும் செம்மறியும் மேய்கிற கொழுக்கட்டைப் புல், அதாவது சென்க்ரஸ் சிலியாரிஸ், அமெரிக்காவின் அரிசோனாவில் பெருங்களை. மேய்ச்சலுக்காகக் கொண்டுபோய் விதைக்கப்பட்ட அது, தீக்குப் பழகாத சகுவாரோ கள்ளிகளிடையே அடர்ந்து, காய்ந்ததும் நெருப்பைக் காடு முழுவதும் கடத்துகிறது. அது எந்தச் சரிவுக்கு எப்போது வந்தது என்று தேடுவோருக்கு, டூசானிலுள்ள அரிசோனாப் பல்கலைக்கழக ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் சேகரிப்பகத்தில், உள்ள பழைய தாள்கள் உறுதியான சான்று. கொறங்காடுகள் சுருங்கிவரும் நம் பகுதிக்கும் அத்தகைய பதிவுகள் மிகவும் தேவை.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு, கதிர் வெளிவந்து மணி உதிரத் தொடங்கும் முன் சேகரியுங்கள். கதிரை மட்டும் கிள்ளி எடுத்தால் பயனில்லை. பல்லாண்டுப் புல்லா ஒருபருவப் புல்லா என்பதை அடித்தூரே காட்டும் என்பதால், களைக்கொத்தால் வேரோடு பெயர்த்து மண்ணை உதறிவிட வேண்டும். இலையுறையும் இலைத்தகடும் சேருமிடத்திலுள்ள சிறுநாக்கு சிதையக் கூடாது. கொழுக்கட்டைப் புல்லில் அது மயிர் வரிசையாக இருக்கும். இனம் பிரிக்க உதவும் அடையாளங்களுள் அதுவும் ஒன்று.

நீளமான புல்தண்டை முறியாமல் மடித்து, செய்தித்தாள்களுக்கிடையே வைத்து, இரு பலகைகளுக்கு நடுவில் இறுக்கிக் கட்டுங்கள். தொட்டால் குளிர்ச்சி தெரியாத அளவுக்கு உலரும் வரை தினமும் காகிதத்தை மாற்ற வேண்டும். பிறகு கெட்டித் தாளில் ஒட்டி, உதிர்ந்த மணிகளைச் சிறு காகித உறையிலிட்டு அதே தாளில் சேருங்கள்.

உழைப்பின் பெரும்பகுதியைக் குறிப்புச்சீட்டுக்கே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. "காங்கேயம் அருகே" என்று மட்டும் எழுதுவது அந்தப் புல்லுக்கு இழைக்கும் அநீதி. ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, சேகரித்தவர் பெயர், சேகரிப்பு எண் ஆகியவற்றோடு, செம்மண்ணா சுண்ணாம்புச் சரளையா, வெள்வேல் மர நிழலா வெட்டவெளியா, மேய்ச்சல் நடக்கிறதா, புல் பரவலா அரிதா, உலர்ந்தால் மங்கிவிடும் கதிர் நிறம் எது, மேய்ப்பவர்கள் அதை எப்படி அழைக்கிறார்கள் என்பவற்றையும் நிலத்தில் நிற்கும்போதே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் நினைவிலிருந்து எழுதுவது பதிவாகாது.

பெயரில் ஐயம் இருந்தால், கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில், இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல மையத்திலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் அனுமதி பெற்று ஒப்பிடலாம். தனியார் கொறங்காட்டில் உரிமையாளரிடம் கேட்டுவிட்டே தோண்டுங்கள். காப்புக்காட்டில் வனத்துறையின் அனுமதியின்றி ஒரு தூரும் எடுக்கக் கூடாது.