சென்னையில் முதல் வீடு: டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

சென்னையில் முதல் வீடு வாங்குகிறவர்கள் பலரும் வரிசையை மாற்றிச் செய்துவிடுகிறார்கள். வீட்டைப் பார்த்ததும் பிடித்துப்போகிறது. "நாளைக்கே இன்னொரு பார்ட்டி அட்வான்ஸோடு வர்றாங்க சார்" என்கிறார் புரோக்கர். அன்று மாலையே ஒரு லட்சம் கை மாறுகிறது. அப்புறம்தான் வங்கிக்குப் போகிறார்கள், பத்திரத்தைப் பார்ப்பது அதற்கும் அப்புறம்.

நானும் என் மனைவியும் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பழைய அடுக்ககத்தில் இரண்டு படுக்கையறை வீடு வாங்கினோம். முதலில் பணக் கணக்கு, அடுத்து பத்திரம், அட்வான்ஸ் கடைசியில் என்று வைத்துக்கொண்டதால்தான் பெரிய சிக்கல் ஒன்றிலிருந்து தப்பினோம். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: கையில் எவ்வளவு வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

70 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டுக் கடன் 30 லட்சம் வரை என்றால் மதிப்பில் 90 சதவீதமும், 30 முதல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும்தான் வங்கி தரலாம். ஆக நமக்கு அதிகபட்சம் 56 லட்சம் கிடைக்கும். மீதி 14 லட்சம் நம் கையிலிருந்து போக வேண்டும்.

இதோடு முடியவில்லை. கைமாறும் வீட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 70 லட்சத்துக்கு 6 லட்சத்து 30 ஆயிரம். இந்த விலையில் இந்தச் செலவைக் கடனில் சேர்க்க முடியாது, சொந்தப் பணம்தான். வக்கீல் கட்டணம், வங்கியின் செயல்பாட்டுக் கட்டணம், பத்திரத்தை வங்கியில் ஒப்படைப்பதற்கான பதிவு, புரோக்கர் கமிஷன், பெயின்ட் எல்லாம் சேர்த்தால் 22 லட்சமாவது கையில் இல்லாமல் இந்த வீட்டைத் தொடக் கூடாது.

இன்னொன்று. வங்கி பார்ப்பது நீங்கள் பேசிய விலையை மட்டுமல்ல. வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்து "இது 65 லட்சம்தான் போகும்" என்று எழுதிவிட்டால் கடன் 52 லட்சமாகக் குறையும். அந்த 4 லட்சத்தையும் நீங்களே புரட்ட வேண்டும். இதற்கென்று ஒரு தொகையைத் தனியாக வைத்திருங்கள்.

கட்டுநரிடம் நேரடியாகப் புது வீடு வாங்குகிறவர்களுக்குக் கணக்கு வேறு. 2023 டிசம்பர் முதல் அடுக்ககத்தின் முதல் விற்பனைக்கு முத்திரைத் தீர்வை 50 லட்சம் வரை 4 சதவீதம், 3 கோடி வரை 5 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கட்டி முடிக்காத வீடு என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம் சேரும். 45 லட்சத்துக்குள் இருக்கும் சிறிய வீடுகளுக்கு அது 1 சதவீதம். நிறைவுச் சான்றிதழ் வந்த பிறகு விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

படி 2: கடன் எவ்வளவு கிடைக்கும் என்று வங்கியிடம் முன்கூட்டியே கேளுங்கள்

வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று வங்கிகளுக்குப் போய்வாருங்கள். நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். என்றோ அடைத்த கிரெடிட் கார்டு பாக்கி அதில் இன்னும் நிலுவையாகக் காட்டினால், சரிசெய்ய இதுதான் நேரம்.

56 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 48,600 ரூபாய். மொத்தத்தில் வட்டி மட்டுமே 60 லட்சத்தைத் தாண்டும். பயப்பட வேண்டாம். மாறும் வட்டியில் வாங்கும் தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் போட முடியாது. போனஸ் வரும்போது வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலே மூன்று ஆண்டுக்கு மேல் குறைந்துவிடும்.

படி 3: வீட்டைப் பகலில் பாருங்கள், மழையிலும் பாருங்கள்

டேப் எடுத்துக்கொண்டு போங்கள். எங்களிடம் 1,000 சதுர அடி என்று சொன்ன வீட்டை உள்ளே அளந்தால் 740 தான் வந்தது. மீதி படிக்கட்டு, வராண்டா, லிஃப்ட் ஆகியவற்றில் நம் பங்கு. சதுர அடி விலையை ஒப்பிடும்போது எந்த அளவை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றி விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள்: 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எத்தனை நாள் நின்றது? கீழ்த்தளத்தில் ஈபி மீட்டர் பெட்டியைப் பாருங்கள். பக்கத்தில் பழைய ஆணித் துளைகள் இடுப்பு உயரத்திலும், பெட்டி இப்போது தலை உயரத்திலும் இருந்தால் காரணம் உங்களுக்கே புரியும். நாங்கள் வேளச்சேரியில் பார்த்த ஒரு வீட்டை இதைப் பார்த்துத்தான் வேண்டாம் என்றோம்.

தண்ணீருக்கு, போன மே மாதப் பராமரிப்புக் கணக்கைச் சங்கத்திடம் கேளுங்கள். லாரிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும்.

படி 4: பத்திரங்கள்

இந்தப் படியில் அவசரமே கூடாது. விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டிய நகல்கள்: அவருடைய கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், பட்டா, திட்ட அனுமதி வரைபடம், சொத்து வரி ரசீது, பெரிய கட்டடம் என்றால் நிறைவுச் சான்றிதழ். நகல் தரவே தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

கிரயப் பத்திரத்தில் யுடிஎஸ் என்கிற பிரிபடாத மனைப் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். நிலத்தில் உங்களுக்கு உரியது அதுதான். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதில் சம அளவில் ஆறு வீடு என்றால் தலைக்கு 400 சதுர அடி வர வேண்டும். 250 என்று இருந்தால் மீதி யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். அனுமதி வரைபடத்தில் மூன்று மாடிதான், ஆனால் நீங்கள் வாங்கப்போவது நான்காவது மாடி என்றால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

அடுத்து வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்து வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். குறைந்தது 30 ஆண்டுக்குப் போடுங்கள். அடுக்ககம் என்றால் அந்தப் புல எண்ணில் உள்ள எல்லா வீடுகளின் பதிவுகளும் சேர்ந்து வரும். பொறுமையாக உட்கார்ந்து உங்கள் வீட்டுக்கு உரியவற்றைப் பென்சிலால் குறியுங்கள்.

அப்படிக் குறித்தபோதுதான் எங்களுக்கு ஒரு வரி கண்ணில் பட்டது. ஆவணத்தின் தன்மை: "உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு". ஆண்டு 2009. அதாவது விற்பவர் அந்த வீட்டை வங்கியில் அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார். கடன் அடைந்திருந்தால் பின்னால் எங்காவது "ரசீது" என்று ஒரு பதிவு வந்திருக்க வேண்டும். கடைசிப் பக்கம்வரை தேடினோம், இல்லை. அவரைக் கேட்டால், "கடனெல்லாம் எப்பவோ முடிஞ்சுதுங்க" என்று வங்கிக் கடிதத்தைக் காட்டினார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அடமான ரத்து ரசீதைப் பதியாமலே விட்டிருக்கிறார். வங்கி அதிகாரி வந்து கையெழுத்துப் போட்டு அதைப் பதிவுசெய்ய மூன்று வாரம் ஆனது. அட்வான்ஸ் கொடுக்காமல் இருந்ததால் அந்த மூன்று வாரமும் ஓடியது அவர்தான். கொடுத்திருந்தால் நாங்கள் ஓடியிருப்போம்.

இதற்கெல்லாம் மேல், உங்கள் சொந்த வக்கீலிடம் ஒரு சட்டக் கருத்து வாங்குங்கள். வங்கி வக்கீல் பார்ப்பாரே என்று விட்டுவிடாதீர்கள். அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்காக. விற்பவர் உரிமையாளரின் பவர் பத்திரம் (அவர் சார்பில் விற்க அதிகாரம் தரும் பத்திரம்) வைத்து விற்கிறார் என்றால், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்று அவரையே நேரில் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

புதுக் கட்டடம் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண்ணைத் தளத்தில் சரிபாருங்கள். மனை 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ வீடுகள் எட்டைத் தாண்டினாலோ பதிவு கட்டாயம். அந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்க முடியாது.

படி 5: இப்போது அட்வான்ஸ்

பணத்தைக் காசோலையாகவோ வங்கி மாற்றாகவோ மட்டும் கொடுங்கள். ஒப்பந்தத்தில், வங்கிக் கடன் கிடைக்காவிட்டாலோ பத்திரத்தில் குறை தெரிந்தாலோ அட்வான்ஸ் முழுதும் திரும்ப வரும் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்.

"வழிகாட்டி மதிப்புக்குப் பதியலாம், மீதியைக் கேஷாகக் கொடுங்க" என்பார்கள் (வழிகாட்டி மதிப்பு என்பது பதிவுக்காக அரசு வைத்திருக்கும் மதிப்பு). வேண்டாம். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பத்திர மதிப்பு குறைந்தால் உங்கள் கடனும் குறையும், நாளை நீங்கள் விற்கும்போது வரி அதிகமாகும்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், 1 சதவீதத்தை டிடிஎஸ் ஆக, அதாவது விற்பவரின் வருமான வரிக் கணக்கில், விலையிலிருந்து பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது வாங்குகிற நீங்கள்தான். இது பலருக்கும் பதிவு நாளன்றுதான் தெரியவருகிறது. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடித்தமே வேறு, ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

படி 6: பதிவும் அதற்குப் பிறகும்

வரைவுப் பத்திரத்தை முந்தைய நாளே வாங்கி, புல எண், யுடிஎஸ், நான்கு எல்லைகள், பெயர், இன்ஷியல் எல்லாவற்றையும் ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபாருங்கள். ஆதார், பான், இரண்டு சாட்சிகள் தயாராக இருக்கட்டும்.

சாவி வாங்கியதும் பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் வரி நான்கிலும் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். சில நாள் கழித்து அதே புல எண்ணுக்கு மறுபடியும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். எழுதி வாங்கியவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் பிழையில்லாமல் வந்திருக்க வேண்டும். எங்களுடையதில் என் மனைவி பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. பத்திரத்தில் சரியாக இருந்ததால், அதைக் காட்டி ஒரு மனு எழுதிக் கொடுத்தோம். திருத்திக் கொடுத்தார்கள்.