கழற்ற முடியாத மோதிரம்: நெட்ஹேக்கில் நான் தப்பித்த விதம்

நெட்ஹேக் என்ற நிலவறைக் கணினி விளையாட்டில் நாலாவது தளத்தில் ஒரு ஜேடு மோதிரம் கிடைத்தது, என்னவென்று பார்க்காமல் உடனே போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் நடந்துகொண்டிருந்தவன் திடீரென்று தளத்தின் இன்னொரு மூலையில் நின்றேன், அப்புறம் மறுபடியும். டெலிபோர்ட் மோதிரம், அதாவது ஆளைத் திடீரென்று வேறு இடத்துக்கு மாற்றிவிடும் மோதிரம், அதுவும் சாபம் பிடித்தது, அதனால் கழற்றவும் முடியவில்லை. இந்த மோதிரம் பெரும்பாலும் சாபத்தோடுதான் வரும்.

எனக்குக் கைகொடுத்தது விளையாட்டில் வரும் மந்திரச் சுருள் கடை. எந்தச் சுருள் எது என்று தெரியாதபோது விலையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். சாபம் நீக்கும் சுருளின் அடிப்படை விலை 80, கவசத்தை மேம்படுத்தும் சுருளுக்கும் அதே விலைதான், ஆக 80 என்று இருப்பது எதுவானாலும் வாங்கியதற்கு நஷ்டமில்லை. ஆனால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: பொருளைக் கையில் எடுத்ததும் அந்த நொடியே பணத்தைக் கட்டிவிடுங்கள், கட்டாமல் இருக்கும்போது மோதிரம் உங்களைத் தூக்கி எறிந்தால் அது திருட்டுக் கணக்கு, கடைக்காரர் கோபத்தோடு வருவார், அந்த நிலையில் அவரிடம் தப்பிப்பது மிகவும் கடினம்.

இரண்டாவது சுருளைப் படித்ததும் மோதிரம் கழன்றது. சாதாரணச் சுருள் அணிந்திருப்பவற்றின் சாபத்தைப் போக்கும், அது போதும்.

இப்போதெல்லாம் எந்த மோதிரத்தையும் முதலில் பலிபீடத்தில் போட்டுப் பார்க்கிறேன், கறுப்பு ஒளி மின்னினால் தொடுவதில்லை. அந்த ஜேடு மோதிரத்தை மட்டும் பைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன். அனுபவ நிலை 12 வந்ததும் அதைப் போட்டுக்கொண்டு நினைத்த நேரத்தில் டெலிபோர்ட் செய்யலாம், மந்திரவாதிப் பாத்திரமாக விளையாடினால் 8 போதும்.